படகின் அடி காய்ந்திருக்கட்டும்: சிம்கோ ஏரியில் முதல் படகு நிறுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் நம்மவர்கள் பலர் மீன்பிடிக்கவும் குடும்பத்தோடு ஏரியைச் சுற்றிவரவும் இப்போது சொந்தப் படகு வாங்குகிறார்கள். சிம்கோ ஏரி ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். வாங்கும்போது இயந்திரத்தின் குதிரைத்திறனைக் கேட்பார்கள், இருக்கைகளை அழுத்திப் பார்ப்பார்கள், மீன்காட்டும் கருவி வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்ப்பார்கள். கோடை முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கப்போகிற பகுதியைக் குனிந்து பார்ப்பவர் மிகக் குறைவு. மே மாதம் மரீனா எனப்படும் படகுத்துறையில் ஒரு ஸ்லிப், அதாவது ஒரு படகு நிற்கும் இடம், எடுத்துக் கயிற்றைக் கட்டிவிட்டால், அக்டோபரில் கிரேன் தூக்கும்போதுதான் அடியில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியவரும். அப்போது சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவைக் கேட்டு முகம் சுளித்துப் பயனில்லை.

இந்தக் கட்டுரை 16 முதல் 24 அடி வரை நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியப் படகை ஒன்ராறியோவின் நன்னீர் ஏரிகளில் நிறுத்துவோருக்கானது. உப்புத் தண்ணீருக்குக் கணக்கு வேறு. அங்கே கொட்டலசுகள் வரும், உலோக அரிப்பு வேகமாக நடக்கும், பூச்சில்லாமல் சமாளிக்க முடியாது. கடல் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அந்த அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போனால் முதலில் காட்டப்படுவது பாசி தடுக்கும் பூச்சு. நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். படகு தண்ணீரைத் தொடும் மணி நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. தொட்டே ஆக வேண்டும் என்றால் துடைப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டும் முடியாத படகுக்குத்தான் பூச்சு.

தண்ணீர் என்ன செய்கிறது

படகை இறக்கிய சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் அதன் அடியில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். கையால் தடவினால் வழுக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில நாட்களில் அந்த வழுவழுப்பின் மேல் பாசி பிடிக்கும். வெயில் படுகிற நீர்க்கோட்டை ஒட்டித்தான் பாசி அதிகம், ஆழத்தில் குறைவு. அதன் பிறகு மட்டியின் நுண்ணிய குஞ்சுகள் வந்து அமர்கின்றன. ஒவ்வொரு படையும் அடுத்த படைக்குப் பிடிமானம் கொடுக்கிறது. எனவே முதல் படையை அது மென்மையாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் பின்னால் வருவதில் பெரும்பகுதி வராது. ஸ்பஞ்சு போதும் என்கிற கட்டத்தைத் தவறவிட்டால் சுரண்டி தேவைப்படும், சுரண்டி வந்தால் ஃபைபர் படகின் வெளித்தோலாகிய ஜெல்கோட்டில் கீறல் வரும், கீறலில் அடுத்த ஆண்டு பாசி இன்னும் உறுதியாகப் பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. இந்த ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புதான். அதற்குப் பின்னால் இருக்கும் பாலியெஸ்டர் பிசின் தண்ணீர் புகாத பொருள் என்று நினைக்கிறோம். ஆனால் மிக மெதுவாகத் தண்ணீர் மூலக்கூறுகள் அதனுள் ஊடுருவும். உள்ளே வினைபுரியாமல் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருள்களோடு சேர்ந்து ஓர் அடர்த்தியான திரவமாகும். அந்தத் திரவம் மேலும் தண்ணீரை உறிஞ்சும். அழுத்தம் கூடி ஜெல்கோட்டில் கொப்புளம் எழும். கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி போன்ற நெடியோடு திரவம் வடியும். இது கடல்நீரைவிட நன்னீரில் விரைவாக நடக்கிறது, ஏனெனில் நன்னீருக்கும் உள்ளே இருக்கும் திரவத்துக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவு. ஏரித் தண்ணீர் மென்மையானது, படகுக்கு ஒன்றும் ஆகாது என்று மரீனாவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நல்ல செய்தி, படகு நீண்ட நேரம் வெளியே காய்ந்தால் உள்ளே போன ஈரம் ஓரளவு வெளியேறும். வார இறுதியில் மட்டும் தண்ணீரில் இருக்கும் படகுக்குக் கொப்புளம் வருவது அரிது. ஐந்து மாதம் அசையாமல் கிடக்கும் படகுக்குத்தான் வரும்.

படகையும் இடத்தையும் முதலில் அறிந்துகொள்ளுங்கள்

உங்கள் படகு எதனால் ஆனது என்பதை உறுதிப்படுத்துங்கள். மீன்பிடிக்கும் சிறு படகுகளும், இரண்டு மூன்று குழாய்களின் மேல் தளம் வைத்த பொன்டூன் படகுகளும் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்துக்குக் கொப்புளப் பிரச்சினை இல்லை. ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. செம்பு கலந்த பூச்சை அலுமினியத்தின் மேல் பூசினால் இரண்டு உலோகங்களும் தண்ணீரில் ஒரு மின்கலமாகி அலுமினியம் அரிக்கப்படும், தகட்டில் துளை விழும்வரை போகும். கடையில் மலிவு விலையில் கிடைக்கிறது என்று டின்னை வாங்கிப் பூசிவிடாதீர்கள். லேபிளில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய ஃபைபர் படகு வாங்குகிறவர் அது தண்ணீரில் மிதக்கும்போது விலை பேச வேண்டாம். வெளியே எடுக்கச் சொல்லிக் காலை வெயில் சாய்வாகப் படும் நேரத்தில் அடியைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே இருக்கும் மரம் ஈரமாக இருக்கலாம், அடுக்குகள் பிரிந்திருக்கலாம். இயந்திரம் பூட்டப்பட்ட பின்சுவரை இரண்டு முறை தட்டுங்கள். பல பழைய படகுகளில் அதற்குள் ஒட்டுப்பலகைதான் இருக்கிறது.

ஸ்லிப் எடுக்கும்போது வாடகையை மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள். ஆகஸ்டில் அந்த இடத்தில் நீர்ச்செடி எவ்வளவு அடர்த்தி? தண்ணீர் ஓடுகிற இடமா, மூலையில் தேங்குகிற இடமா? எரிபொருள் நிரப்பும் மேடை எவ்வளவு தூரம்? அங்கிருந்து வரும் எண்ணெய்ப் படலம் நீர்க்கோட்டில் கருப்பாக ஒட்டும். படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் லிஃப்ட் ஒன்றைச் சொந்தமாக வைக்க அனுமதி உண்டா? சிம்கோவின் தென்முனையில் கெஸ்விக் பக்கம் இருக்கும் குக்ஸ் பே ஆழம் குறைந்த விரிகுடா, கோடையில் தண்ணீர் விரைவாகச் சூடாகி நீர்ச்செடி மண்டும் பகுதி. அங்கே ஸ்லிப் எடுப்பவர் வடக்கே எடுப்பவரைவிட அதிகம் துடைக்க வேண்டியிருக்கும். கூரை போட்ட ஸ்லிப் கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாவது எடுங்கள். வெயில் குறைந்தால் பாசி குறையும், மழைநீர் உள்ளே விழாது, கடற்பறவைகளின் எச்சமும் குறையும். சிலந்திகள் மட்டும் கூரைக்கடியில் கூடும். அவற்றின் எச்சம் வெள்ளை ஜெல்கோட்டில் விடும் கரும்புள்ளிகளைப் பற்றி எந்தப் படகு விற்பனையாளரும் வாய் திறப்பதில்லை.

தூக்கி வைக்கும் வழிகள்

மிகவும் மலிவான லிஃப்ட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ட்ரெய்லர்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் ஏரிக்குப் போகிறவர் முதல் ஆண்டு ஸ்லிப்பே எடுக்க வேண்டாம் என்பேன். இறக்குதுறைக் கட்டணம் கொடுத்து இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். படகின் அடி எப்போதும் காய்ந்தே இருக்கும். வீட்டு முன்பாதையில் ட்ரெய்லர் நிறுத்த உங்கள் நகரசபை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் கட்டுப்பாடு இருக்கிறது. சில மரீனாக்கள் படகைக் கரையில் அடுக்குத் தட்டுகளில் வைத்திருந்து, நீங்கள் தொலைபேசியில் சொன்னதும் ஃபோர்க்லிஃப்ட்டால் இறக்கிக் கொடுக்கும். அதுவும் நல்ல ஏற்பாடு.

ஸ்லிப்பிலேயே தூக்கி வைப்பதற்குப் பொதுவாக மூன்று ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, ஏறிச்செல்லும் மிதவை மேடை. காற்றடைத்த பிளாஸ்டிக் பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டி, நடுவில் பள்ளம்போல் வடிவமைத்திருப்பார்கள். மெதுவான வேகத்தில் முன்புறத்தை ஏற்றி, சிறிது விசை கொடுத்தால் படகு வழுக்கிக்கொண்டு மேலே ஏறி நிற்கும். மின்சாரம் வேண்டாம், இயந்திரப் பாகம் எதுவும் இல்லை. ஜெட் ஸ்கிக்கும், வெளிப்புற இயந்திரம் பூட்டிய சிறு படகுக்கும் இதுவே எனக்குப் பிடித்த ஏற்பாடு. அடியில் சுழலியை (புரொப்பல்லரை) இயக்கும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் படகுக்கு ஒத்துவராது. முதல் சில முறை ஏற்றுவதற்குக் காற்றில்லாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏறும் கணத்தில் இயந்திரத்தைச் சற்று உயர்த்திவிடப் பழகுங்கள், இல்லாவிட்டால் சுழலி மேடையில் இடிக்கும்.

இரண்டாவது, ஏரித்தரையில் கால் ஊன்றி நிற்கும் லிஃப்ட். கையால் சுற்றும் சக்கரமோ மின்மோட்டாரோ படகைத் தொட்டிலோடு மேலே தூக்கும். ஏரியோரக் குடில்களில் பெரும்பாலும் காண்பது இதுதான். எடைக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். கையேட்டில் இருக்கும் எடை வெறும் படகின் எடை. இயந்திரம், பேட்டரி, நங்கூரம், மீன்பிடிச் சாமான்கள், எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 100 லிட்டர் பெட்ரோல் மட்டும் 70 கிலோவுக்கு மேல். கூட்டி வந்த எண்ணுக்கு மேல் ஒரு தாராளமான இடைவெளி விட்டு லிஃப்ட்டைத் தேர்ந்தெடுங்கள். தொட்டிலின் தாங்குகட்டைகள் படகின் அடியில் இருக்கும் வலுவான நீளச் சட்டங்களுக்கு நேர்கீழே வர வேண்டும். இடைப்பட்ட வெற்று இடத்தில் எடை முழுவதும் விழுந்தால் காலப்போக்கில் அடி உள்வாங்கும். உறைபனிக் காலத்துக்கு முன் இந்த லிஃப்ட்டை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிம்கோ குளிர்காலத்தில் மக்கள் குடிசை போட்டு மீன்பிடிக்கிற அளவுக்கு உறையும் ஏரி. அந்தப் பனிக்கட்டி நகரும்போது எந்த அலுமினியக் காலும் தாங்காது.

மூன்றாவது, காற்றுத்தொட்டி லிஃப்ட். ஸ்லிப்புக்குள் மிதக்கும் தொட்டிகளில் தண்ணீரை விட்டால் தாழும், காற்றை ஊதினால் உயரும். ஏரித்தரை சேறாக இருக்கும் மரீனாக்களுக்கு ஏற்றது. விலை அதிகம், மின்இணைப்பும் தேவை.

இவை தவிர, படகைச் சுற்றி ஒரு பெரிய பையைப் போல் கட்டும் ஸ்லிப் உறைகளும் விற்கின்றன. படகு உறைக்குள் மிதக்கும், ஏரித் தண்ணீர் அதைத் தொடாது. உப்புத் தண்ணீரில் கொட்டலசைத் தடுக்க இதற்கு நல்ல பயன் உண்டு. நன்னீர் ஏரியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைக்குள் தேங்கும் தண்ணீரும் தண்ணீர்தான், ஜெல்கோட் அங்கேயும் நனைந்துகொண்டுதான் இருக்கும். சிலர் உறைக்குள் குளோரின் போடுகிறார்கள். அது ரப்பர் பாகங்களையும் உலோகங்களையும் கெடுக்கும். உறை கிழிந்து அது ஏரியில் கலந்தால் சட்டச் சிக்கலும் வரும். மீன் வாழும் நீரில் தீங்கான பொருளைக் கலப்பதைக் கனடாவின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

எந்த லிஃப்ட்டாக இருந்தாலும் பின்பகுதி முன்பகுதியைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கட்டும். படகு மேலே ஏறியதும் பின்னால் இருக்கும் வடிகால் தக்கையைக் கழற்றிவிடுங்கள். மழைநீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும். தக்கையைக் கழற்றாமல் போனால் ஒரு பெருமழையில் நூறு லிட்டர் தேங்கினாலும் லிஃப்ட்டின் மேல் நூறு கிலோ கூடுதலாக ஏறிவிடும்.

தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமென்றால்

லிஃப்ட்டுக்கு மரீனா அனுமதிக்கவில்லை அல்லது பணம் இடம் கொடுக்கவில்லை என்றால் வாரம் ஒருமுறை துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட கைப்பிடியுள்ள மென்மையான தூரிகை, பழைய பருத்தித் துணி அல்லது ஸ்பஞ்சு போதும். பக்கவாட்டில் நின்றபடியே நீர்க்கோட்டையும் அதற்குக் கீழே கை எட்டும் தூரத்தையும் துடைத்துவிடலாம். சவர்க்காரம் வேண்டாம். மக்கும் தன்மையுள்ளது என்று புட்டியில் எழுதியிருந்தாலும் அது கரையில் கழுவுவதற்குத்தான், ஏரியில் கொட்டுவதற்கு அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடியைத் துடைக்கலாம் என்று மரீனாவில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கரை மின்சாரம் இணைத்த படகுகள் நிற்கும் இடத்தில், ஏதோ ஒரு படகின் பழுதான வயரிலிருந்து தண்ணீருக்குள் மின்சாரம் கசியலாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அது மனித உடலைச் சுற்றிப் போய்விடும். நன்னீர் அவ்வளவு நன்றாகக் கடத்தாது. உப்பு நிறைந்த நம் உடல் அதைவிட நல்ல கடத்தி என்பதால் மின்சாரம் உடல் வழியே பாயும். கசிவு சிறிதாக இருந்தாலும் தசைகள் செயலிழந்து நீந்த முடியாமல் மூழ்கிவிடுவார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாக மூழ்கியதுபோலத்தான் தெரியும். காப்பாற்றக் குதித்தவரும் இறந்த சம்பவங்கள் உண்டு. அப்படி யாராவது தத்தளித்தால் முதலில் மின்இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு மிதவையை வீசுங்கள். குழந்தைகளை மரீனா மேடையிலிருந்து குதித்து விளையாட விடவே விடாதீர்கள்.

துடைப்பதைவிட எளிய ஒன்று, படகை ஓட்டுவது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் புதிதாகப் பிடித்த வழுவழுப்பில் கணிசமான பகுதி உரிந்து போய்விடும். நிறுத்தும்போது வெளிப்புற இயந்திரத்தை முழுவதும் உயர்த்தி, சுழலியும் கீழ்ப்பகுதியும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி விடுங்கள். குளிர்விக்கும் நீர் உள்ளே போகும் சல்லடைத் துளைகளில் மட்டி புகுந்தால் இயந்திரம் சூடேறிப் பழுதாகும்.

நீர்க்கோட்டில் பிடிக்கும் மஞ்சள், பழுப்புக் கறை பாசி அல்ல, தேய்த்தால் போகாது. தண்ணீரில் இருக்கும் இரும்பும் இலைதழைகளிலிருந்து கரைந்த சாயமும் ஜெல்கோட்டின் நுண்துளைகளில் ஊறியதால் வருவது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த களிம்பைப் பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவினால் கண்ணெதிரே மறையும். படகைக் கரையில் ஏற்றிய பிறகே இதைச் செய்யுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், ட்ரெய்லரின் துத்தநாகம் பூசிய சட்டத்தில் படாமல் பாருங்கள், ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கறை நீங்கிய பிறகு அந்த இடத்தில் மெழுகு தேய்த்தால் அடுத்த கறை அவ்வளவு விரைவில் ஊறாது.

பூச்சு யாருக்கு

கோடை முழுவதும் தண்ணீரிலேயே நிற்கும் ஃபைபர் படகுக்கு மட்டும். லிஃப்ட்டிலோ ட்ரெய்லரிலோ இருக்கும் படகுக்குப் பூசினால் அதன் அழகும் மறுவிற்பனை விலையும் குறையும், பயன் ஒன்றுமில்லை. ஒருமுறை பூசிவிட்டால் திரும்ப நீக்குவது பெரும் வேலை.

இரண்டு வகை உண்டு. ஒன்று கெட்டியானது. உறுதியாக இருக்கும், ஆனால் நீண்ட காலம் வெளியே காய்ந்தால் பெரும்பாலும் வீரியம் குறைந்துவிடும். மற்றொன்று படகு ஓட ஓடச் சிறிது சிறிதாகத் தேய்ந்து புதிய மேற்பரப்பைக் காட்டுவது. ஆண்டில் பாதியைக் கரையில் கழிக்கும் ஒன்ராறியோப் படகுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். அதைத் தண்ணீரில் வைத்து அழுத்தித் தேய்க்கக் கூடாது. பூச்சும் வீணாகும், செம்பும் ஏரியில் கலக்கும்.

அமெரிக்காவிலிருந்து மலிவாகத் தருவிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இங்கே இத்தகைய பூச்சுகள் பூச்சிக்கொல்லிகளுக்கான சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும், டின்னில் கனடியப் பதிவு எண் இருக்க வேண்டும். முன்பு உலகெங்கும் பயன்பட்ட டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்ததால்தான் 2001-இல் அதைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை எழுதப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய டின்னைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தரும் நண்பரின் அன்பை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பூசுவதற்கு முன் அடியிலுள்ள மெழுகைக் கரைப்பானால் முழுவதும் நீக்கிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். மெழுகோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் அழுந்தி, பூச்சு பிடிக்காது. பழைய பூச்சை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத் தேய்த்து, முகமூடி அணிந்து, விழுவதைத் தார்ப்பாயில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். கொப்புளத்துக்கு அஞ்சுபவர் பூச்சுக்கு அடியில் ஈபாக்சித் தடுப்புப் படையும் போடலாம். ஆனால் படகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் நிலைமை மோசமாகும். இதற்கு ஈரமானி கொண்டு பார்க்கும் தொழிலாளரை அழைப்பது நல்லது.

உள்ளே தேங்கும் நீர்

வெளியிலிருந்து நனைவதைவிட உள்ளிருந்து ஊறுவதால் கெட்ட படகுகள் அதிகம். மழைநீரும், ஈரக் கால்களோடு ஏறும் பிள்ளைகள் கொண்டுவரும் நீரும், மீன்தொட்டியிலிருந்து வழிவதும் எல்லாம் உள்ளடிப் பள்ளத்தில் சேரும். அங்கிருந்து திருகாணித் துளைகள் வழியே மரத்துக்குள் போகும். எனவே எதையாவது பொருத்தத் துளை போட்டால் கடல்தர சீலன்ட் வைக்காமல் திருகாணியை முறுக்காதீர்கள்.

உள்ளடி பம்ப் தானியங்கி மிதவைச் சுவிட்சோடு இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவு, குழாயில் மேலேற்றம் இல்லாத நிலையில் அளந்தது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறைக்கும். பேட்டரி இறந்தால் பம்பும் இறந்ததுதான். பம்ப் அடிக்கடி ஓடுகிறது என்றால் பெரிய பம்ப் வாங்காமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

மூடுதுணியை நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூரைபோல் சாய்வாகக் கட்டுங்கள். தொய்ந்தால் நடுவில் குளம் கட்டும். காற்றுப் போக இரண்டு பக்கமும் வழி விடுங்கள், இல்லாவிட்டால் இருக்கை மெத்தைகளில் பூஞ்சணம் பிடிக்கும்.

அனோடுகள்

இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பூட்டியிருக்கும் சிறிய உலோகக் கட்டிகள், மற்ற பாகங்களுக்குப் பதிலாகத் தாங்கள் அரிக்கப்படுவதற்காக வைக்கப்பட்டவை. நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றது. கடலுக்குரிய துத்தநாகத்தை ஏரியில் பயன்படுத்தினால் அதன்மேல் ஒரு படலம் உருவாகிச் செயலிழந்துவிடும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள், ஒருபோதும் அதன்மேல் வர்ணம் பூசாதீர்கள்.

மட்டியும் சட்டமும்

வரிக்குதிரை மட்டி வட அமெரிக்காவின் பேரேரிகள் பகுதியில் 1988-இல் சென் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக அடியில் ஏற்றிவரும் நீரோடு வந்தது என்பது பரவலான கணிப்பு. இன்று சிம்கோவிலும் இருக்கிறது. நூல்போன்ற இழைகளால் எந்தக் கடினப் பரப்பிலும் ஒட்டும், அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் படகின் உள்ளடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் அவை ஏறிக்கொண்டு, இந்த மட்டியே இல்லாத, வடக்கே மஸ்கோக்கா பகுதி ஏரி ஒன்றுக்குப் போய் இறங்க முடியும்.

இதனால்தான் ஒன்ராறியோவில் 2022 சனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. படகைத் தரைவழியே கொண்டுபோகும் முன் வடிகால் தக்கைகளைக் கழற்றி, உள்ளடியிலும் மீன்தொட்டியிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும். படகிலும் ட்ரெய்லரிலும் ஒட்டியுள்ள செடிகளையும் உயிரினங்களையும் நீக்க வேண்டும். இதை இறக்குதுறையில் வாகன வரிசைக்கு இடைஞ்சல் இல்லாமல் சற்றுத் தள்ளி நிறுத்திச் செய்யுங்கள். ட்ரெய்லரின் அச்சைச் சுற்றி மாட்டியிருக்கும் நீர்ச்செடியைத்தான் பலர் மறக்கிறார்கள். வேறொரு ஏரிக்குப் போவதாக இருந்தால் அதற்கு முன் நாலைந்து நாள் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அவகாசம் இல்லையென்றால் 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரால் கழுவுங்கள். தூண்டில் இரைக்கு வைத்திருந்த தண்ணீரையும் ஏரிக்குள் கொட்டக் கூடாது, கரையில் தள்ளி ஊற்றுங்கள்.

அக்டோபர்

படகு தண்ணீரிலிருந்து தூக்கப்படும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். மரீனா ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடியில் இருப்பது ஈரமாக இருக்கும்போது உயர் அழுத்த நீரால் பத்து நிமிடத்தில் போய்விடும். இரண்டு நாள் காய்ந்துவிட்டால் சிமெந்து. கழுவும் இடத்தில் கழிவுநீர் சேகரிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். அதே வேளையில் அடியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மட்டி பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் ஜெல்கோட் வெடித்திருக்கிறது என்பது அடுத்த வசந்தத்தில் வேலையைத் திட்டமிட உதவும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். வெடிப்புக்குள்ளும் மரத்துக்குள்ளும் இருக்கும் ஈரம் அப்படி விரிந்து ஃபைபர் அடுக்குகளைப் பிளக்கும். ஆகவே கோடையில் தள்ளிப்போட்ட சிறு வெடிப்புகளைப் பனிக்கு முன் அடைத்துவிடுங்கள். முன்பகுதியை உயர்த்தி நிறுத்தி, தக்கையைக் கழற்றி, உள்ளடியில் கடைசிச் சொட்டு வடியும்வரை விடுங்கள். வெளிப்புற இயந்திரத்தை உயர்த்தாமல் செங்குத்தாக இறக்கி வையுங்கள், அப்போதுதான் அதற்குள் இருக்கும் நீர் வடியும். சுருங்கும் பிளாஸ்டிக் உறையால் மூடுகிறவர்கள் காற்றுத் துவாரங்கள் வைக்கச் சொல்லுங்கள். துவாரமில்லாத உறைக்குள் ஏப்ரல் வெயிலில் நீராவி எழுந்து, குளிர்காலம் முழுவதும் காத்த படகை ஒரே மாதத்தில் பூஞ்சணமாக்கிவிடும்.

கழற்றிய தக்கையைப் படகின் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வசந்தத்தில் தக்கை இல்லாமல் இறக்கப்பட்டு இறக்குதுறையிலேயே மூழ்கத் தொடங்கும் படகு ஒன்றாவது ஆண்டுதோறும் பார்வைக்குக் கிடைக்கும்.